பழைய டெஸ்க்டாப்பில் ஒலி வரவில்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்டெல் 865, 945, ஜி31, ஜி41 சிப்செட் கொண்ட அசெம்பிள்டு கணினிகள் நம் ஊர்களில் இன்னும் ஓய்வு பெறவில்லை. டிடிபி கடைகளிலும், மளிகைக் கடைகளின் பில் போடும் மேசைகளிலும், பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போய்விட்ட வீடுகளின் கூடங்களிலும் அவை விண்டோஸ் எக்ஸ்பியுடனோ விண்டோஸ் 7 உடனோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சர்வீஸ் தொழில் பழக வரும் இளைஞர்கள் இந்தக் கணினிகளில் ஒலிப் பழுது பார்ப்பதைக் கவனித்தால், நாங்கள் தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஸ்பீக்கருக்கு சுவிட்ச் போடாதது, ஒலி மியூட்டில் இருப்பது, பச்சை ஜாக்கில் செருக வேண்டியதை இளஞ்சிவப்பில் செருகியிருப்பது போன்றவற்றை நான் இங்கே எழுதவில்லை. அவற்றை வாடிக்கையாளரே பார்த்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறார்.

ஒலி இல்லை என்றதும் ஃபார்மட் செய்வது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இது. சாங்ஸ் கேட்கவில்லை, யூடியூபில் சத்தம் இல்லை என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில், காரணம் எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடம்கூடத் தேடாமல், விண்டோஸ் சிடியைப் போட்டு சி டிரைவை அழித்துவிடுகிறார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் இந்தப் பழக்கம் எப்படியோ தொழிலின் முதல் பாடமாகவே ஆகிவிட்டது. ஃபார்மட் செய்வதற்கு மூளையைச் செலவழிக்க வேண்டியதில்லை, கூலியும் நிச்சயம் கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகம் ஒன்றிலிருந்து ஒரு கணினி என்னிடம் வந்தது. அதில் பின்பக்க ஸ்பீக்கரில் ஒலி வராமல் போயிருந்தது. அச்சகக்காரருக்குத் தொழிலுக்கு ஒலி தேவையே இல்லை; வேலை செய்யும்போது பழைய பாட்டுக் கேட்பார், அவ்வளவுதான். அவர் முதலில் அழைத்த பையன் வந்த வேகத்தில் எக்ஸ்பியைப் புதிதாக ஏற்றிவிட்டான். பேஜ்மேக்கர் கோப்புகள் டி டிரைவில் இருந்ததால் எதுவும் போகவில்லை என்று அவனும் நினைத்தான், அவரும் நினைத்தார். ஆனால் அவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தமிழ் எழுத்துருக்கள் அனைத்தும் சி டிரைவின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இருந்தன. அவை யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் என்பதால், அந்தந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால் மணமகன், மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்து நின்றன. முகூர்த்த மாதம் வேறு. மதர்போர்டுடன் வந்த டிரைவர் சிடி (வன்பொருளை விண்டோஸ் அடையாளம் கண்டு இயக்க உதவும் மென்பொருள் உள்ளது) எப்போதோ தொலைந்திருந்ததால் லேன் டிரைவரும் ஏறவில்லை. ஆகவே முன்பு ஒலி மட்டும் இல்லாதிருந்த கணினியில் இப்போது இணையமும் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் ஸ்பீக்கர் பேசவில்லை.

முன்பக்க ஹெட்ஃபோன் ஜாக்கில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, யாரோ இழுத்து முறித்த ஹெட்ஃபோன் பின்னின் நுனி உள்ளே மாட்டியிருந்தது தெரிந்தது. ஹெட்ஃபோன் செருகப்பட்டிருப்பதாகவே போர்டு நம்பியதால், பின்பக்கப் பச்சை ஜாக்கை அது அணைத்து வைத்திருந்தது. அந்த நுனியை வெளியே எடுத்த கணமே, புதிதாக ஏற்றியிருந்த விண்டோஸில் ஒலி வந்தது. பழைய விண்டோஸிலும் அப்படியேதான் வந்திருக்கும். ரெகவரி மென்பொருள் கொண்டு எழுத்துருக்களில் சிலவற்றை மீட்டோம். தலைப்புகளுக்கு அவர் விரும்பிப் பயன்படுத்திய எழுத்துரு ஒன்று மட்டும் கடைசிவரை கிடைக்கவேயில்லை.

இதைத் தவிர்ப்பதற்கு மூன்று சோதனைகள் போதும். முதலில், கணினியில் இருக்கும் ஸ்பீக்கரைக் கழற்றிக் கைப்பேசியில் செருகிப் பாட்டுப் போட வேண்டும். அதிலும் பாடவில்லையென்றால் கணினியைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. அடுத்து, விண்டோஸ் 7 ஆக இருந்தால், கடிகாரத்தின் அருகிலுள்ள ஸ்பீக்கர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிளேபேக் டிவைசஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பாடலை ஓடவிட வேண்டும். பட்டியலில் ஸ்பீக்கரின் பக்கத்தில் இருக்கும் பட்டைகள் பச்சையாக ஏறி இறங்கினால், விண்டோஸ் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்று பொருள். பழுது அதற்கு அப்பால், ஜாக்கிலோ ஒயரிலோ போர்டிலோ இருக்கிறது. வேறொரு சாதனத்தின் பக்கத்தில் பட்டை ஏறினால், ஒலி வழி மாறிப் போகிறது. எதுவும் ஏறாவிட்டால்தான் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது சோதனை எக்ஸ்பிக்கும் பொருந்தும். பப்பி லினக்ஸ் போன்ற, நினைவகத்திலேயே ஓடக்கூடிய ஒரு சிறிய லினக்ஸை பென்டிரைவிலோ சிடியிலோ போட்டு, அதிலிருந்து கணினியை பூட் செய்து பாட்டு வைத்துப் பார்க்க வேண்டும். ஹார்டுடிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. லினக்ஸில் ஒலி வந்தால் போர்டும் ஜாக்கும் நலமாக இருக்கின்றன. விண்டோஸில் டிரைவரை மட்டும் நீக்கி மறுபடி போட்டால் போதும், ஃபார்மட் தேவையில்லை. லினக்ஸிலும் ஒலி வரவில்லையென்றால், அநேகமாகப் பழுது வன்பொருளில் இருக்கிறது. அப்போதும் ஃபார்மட்டால் ஒரு பயனும் இல்லை.

வைரஸ் முதலிய வேறு காரணத்துக்காக ஃபார்மட் செய்தே ஆக வேண்டியிருந்தால், டெஸ்க்டாப், மை டாக்குமென்ட்ஸ் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிடக் கூடாது. ஃபான்ட்ஸ் ஃபோல்டர், டேலி டேட்டா, அவுட்லுக் அஞ்சல்கள், இப்போது ஏறியிருக்கும் டிரைவர்கள் ஆகியவற்றையும் நகலெடுத்த பிறகே சிடியைத் தொட வேண்டும்.

கிடைத்த டிரைவரையெல்லாம் போட்டுப் பார்ப்பது

“ஆடியோ டிரைவர்” என்று தேடி முதலில் வருவதை இறக்கிப் போடுவதும், தானாகவே டிரைவர் தேடித் தருவதாகச் சொல்லும் மென்பொருளை ஏற்றுவதும் ஒரே வகைத் தவறு. இரண்டாவதில் விளம்பரக் குப்பையும் சேர்ந்து வரும். எந்தச் சிப் என்று தெரிந்துகொண்டு தேடினால் வேலை எளிது. போர்டின் மாடல் எண் பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கு நடுவே போர்டின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். பின்பக்க ஆடியோ ஜாக்குகளுக்கு அருகில் ஒரு சிறிய சதுரச் சிப் இருக்கும். அதன் மேல் நண்டுச் சின்னம் இருந்தால் அது ரியல்டெக் நிறுவனத்தின் சிப். கேபினெட்டைத் திறக்க மனமில்லாதவர்கள், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியுள்ள சாதனத்தின் பிராபர்ட்டீஸில் ஹார்டுவேர் ஐடியைப் பார்க்கலாம். ‘வென்’ என்பதை அடுத்து வருவது தயாரிப்பாளரின் எண், ‘டெவ்’ என்பதை அடுத்து வருவது சாதனத்தின் எண். ரியல்டெக்கின் ஹெச்டி ஆடியோ (ஏசி 97-க்குப் பின் வந்த ஒலி முறை) சிப் ஒன்றில் ‘டெவ்’ 0662 என்று இருந்தால் அது ஏஎல்சி 662.

எக்ஸ்பியில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. சர்வீஸ் பேக் 2 உள்ள எக்ஸ்பியில், ஹெச்டி ஆடியோ போர்டுக்கு மைக்ரோசாஃப்டின் யூஏஏ பஸ் டிரைவர், அதாவது கேபி 888111 எனப்படும் இணைப்பு, முதலில் ஏறியிருக்க வேண்டும். அது இல்லாதபோது டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனம் என்ற பெயரே தெரியாது. வெறும் “பிசிஐ டிவைஸ்” என்று மஞ்சள் குறியோடு நிற்கும், வென் எண் 8086 என்று இன்டெல்லைக் காட்டும். இதைக் கண்டு சிப்செட் கோளாறு என்று முடிவுகட்டி, போர்டையே மாற்றச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முன்பக்க ஆடியோ ஒயரை யோசிக்காமல் பிடுங்குவது

கேபினெட்டின் முன்பக்க ஜாக்கிலிருந்து ஓர் ஒயர் வந்து போர்டில் ஒன்பது பின் உள்ள இடத்தில் மாட்டியிருக்கும். இந்த ஒயரின் முனையில் பெரும்பாலும் இரண்டு கனெக்டர்கள் இருக்கும். ஒன்றில் ஏசி 97 என்றும் மற்றொன்றில் ஹெச்டி ஆடியோ என்றும் எழுதியிருக்கும். இவற்றில் ஒன்றைத்தான் மாட்ட வேண்டும், அதுவும் போர்டுக்குப் பொருந்துவதை. இரண்டும் ஒரே வடிவத்தில் இருப்பதால் எது மாட்டினாலும் உட்கார்ந்துவிடும் என்பதே தொல்லை.

ஏசி 97 என்பது இன்டெல் 1997-இல் வகுத்த முறை. 845, 865 காலத்துப் போர்டுகளில் இருப்பது அதுதான். அதில், பின்பக்க ஸ்பீக்கருக்குப் போக வேண்டிய ஒலி முதலில் முன்பக்க ஜாக் வரை போய், அங்கே ஹெட்ஃபோன் இல்லாவிட்டால் ஜாக்கின் உள்ளிருக்கும் தகடுகள் வழியாகத் திரும்பி வரும். ஆகவே, முன்பக்க ஜாக்கில் சந்தேகம் என்று அந்த ஒயரைப் பிடுங்கினால் பின்பக்கமும் ஊமையாகிவிடும். புதியவர் அங்கேயே “போர்டு போச்சு” என்று சொல்லிவிடுகிறார். 5, 6 ஆகிய பின்களை ஒரு ஜம்பராலும் (இரண்டு பின்களை இணைக்கும் சிறு மூடி) 9, 10 ஆகிய பின்களை இன்னொரு ஜம்பராலும் இணைத்தால் ஒலி திரும்பிவிடும். எட்டாவது பின் இருக்காது. அந்தக் காலி இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு எண்ணலாம். ஈரக்காற்று அடிக்கும் கடலோர ஊர்களில் இந்தத் தகடுகள் களிம்பேறி, இடப்பக்க ஸ்பீக்கரோ வலப்பக்க ஸ்பீக்கரோ மட்டும் அடங்கிப்போவதும் இதே காரணத்தால்தான்.

2004-இல் வந்த ஹெச்டி ஆடியோவில் ஒலி இப்படிச் சுற்றி வருவதில்லை. ஹெட்ஃபோன் செருகப்பட்டதா என்பதை மட்டும் ஒரு தனி ஒயர் போர்டுக்குச் சொல்கிறது. இங்கே ஒயரைப் பிடுங்குவதால் கெடுதல் இல்லை. பிடுங்கியதும் பின்பக்கம் பாடினால் பழுது முன்பக்க ஜாக்கில் என்பதும் உறுதியாகிவிடும். பழைய கேபினெட்டில் ஏசி 97 கனெக்டர் மட்டும் இருந்து, போர்டு ஹெச்டி ஆடியோவாக இருந்தால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில்) ஃபிரன்ட் பேனல் வகையை ஏசி 97 என்று மாற்றவோ, ரியல்டெக் கன்ட்ரோல் பேனலில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்தவோ வழி இருக்கும்.

ஆடியோ பின்களுக்குப் பக்கத்திலேயே சில போர்டுகளில் யூஎஸ்பி பின்களும் ஒன்பதாக நிற்கும். யூஎஸ்பியில் காலியாக இருப்பது ஒன்பதாவது இடம். இதைப் பார்க்காமல் அழுத்தி மாட்டினால் 5 வோல்ட் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

எச்டிஎம்ஐயை மறப்பது

புது கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மறுநாள் ஒலி போனால், அது அநேகமாக எச்டிஎம்ஐ ஒயர் வழியாகப் படத்தோடு சேர்ந்து மானிட்டருக்குப் போயிருக்கிறது.

இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை எடுத்துவிடுவது

2.1 ஸ்பீக்கர் வாங்கியவர்கள் சொல்லும் குறை, ஒலியோடு சேர்ந்து வரும் “உம்ம்ம்” என்ற சத்தம். கணினியும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக்குகளில் இருந்து, இரண்டின் எர்த்துக்கும் இடையே வேறுபாடு இருந்தால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் அதிர்வு ஆடியோ ஒயர் வழியாக ஸ்பீக்கரில் கேட்கும். கணினியின் பவர் கார்டில் மூன்றாவது பின்னை முறித்தாலோ, இரண்டு பின் அடாப்டர் போட்டாலோ சத்தம் நின்றுவிடுகிறது என்பது உண்மை. அதனால்தான் இந்த வித்தை வாய்வழியாகப் பரவிக்கொண்டே இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸின், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியின், உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இணைக்கப்பட்ட சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த்தை எடுத்துவிட்டால், இவற்றின் வழியாகக் கேபினெட் ஏறத்தாழ 115 வோல்ட்டில் நிற்கும். மின்னோட்டம் சிறிதுதான், விரலில் சுர்ரென்று இழுப்பதோடு போய்விடும். ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபேஸ் ஒயர் கேபினெட்டைத் தொட்டுவிட்டால் அதே இடத்தில் 230 வோல்ட் நிற்கும், அதைத் தடுக்க எதுவும் இருக்காது. கணினியையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டாலே பல நேரங்களில் சத்தம் அடங்கும். அடங்காவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே மாட்டும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் கடைகளில் கிடைக்கிறது. டெஸ்டர் வைத்துக் கேபினெட்டில் ஒளிர்ந்தால் ஒலியை மறந்துவிட்டு முதலில் எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

வால்யூம் திருகில் கரகரப்பு என்று எண்ணெய் விடுவது

விடக் கூடாது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பத்து முறை திருகினால் போதும்.

பயாஸ் பேட்டரியைப் பார்க்காமல் விடுவது

இன்று ஒலிக்கிறது, மின்தடைக்குப் பிறகு ஒலிக்கவில்லை என்று சொல்பவரிடம், கணினியின் தேதி சரியாக இருக்கிறதா என்று கேட்க வேண்டும். சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால், மெயின் சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு முறையும் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பும். தனி சவுண்ட் கார்டு போட்டு, ஆன்போர்டு ஆடியோவை அணைத்து வைத்திருந்த கணினிகளில், அணைத்தது மறுபடி உயிர்பெற்று, விண்டோஸ் ஒலியை அதற்கு அனுப்பத் தொடங்கிவிடும். பேட்டரியை மாற்றி, பயாஸில் மறுபடி அணைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

சிப் செத்த பிறகும் போராடுவது

லினக்ஸிலும் ஒலி இல்லை, முன்பக்க ஒயரைக் கழற்றி ஜம்பர் போட்டும் இல்லை, பயாஸில் ஆன்போர்டு ஆடியோ எனேபிள் என்றே இருக்கிறது, ஆனாலும் டிவைஸ் மேனேஜரில் ஒலிச் சாதனமே வரவில்லை என்றால், இடியிலோ நிலைமின்னிலோ சிப் போய்விட்டிருக்கலாம். அந்தச் சிறிய சிப்பை மாற்ற முயல்வதும், அதற்காகவே பழைய போர்டு தேடி சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு அலைவதும் செலவுக்குத் தகாத வேலை. யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று போதும். சாதாரண மாடல்களுக்கு எக்ஸ்பியிலேயே தனி டிரைவர் தேவையில்லை. அதைக் கேபினெட்டின் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் செருக வேண்டும், ஏனெனில் பழைய கேபினெட்டுகளின் முன்பக்க யூஎஸ்பி ஒயர்கள் தளர்ந்து, பாட்டு நடுவில் விட்டு விட்டு வரும். செருகிய பின், பயாஸில் ஆன்போர்டு ஆடியோவை அணைத்துவிட்டால் விண்டோஸ் செத்த சிப்பைத் தேடாது; பழைய டிரைவரை நீக்குவதற்கென்று மெனக்கெட வேண்டியதில்லை.