மேக்ஸ் முரண்டு பிடித்தால்

சி பிளஸ் பிளஸில் இரண்டில் பெரியதைத் தரும் மேக்ஸ் ஃபங்ஷனுக்கு ஒரு பக்கம் 0, மறுபக்கம் வெக்டரின் (நீளம் மாறக்கூடிய பட்டியலின்) சைஸ் என்று கொடுத்துப் பாருங்கள். கம்பைலர் ஒத்துக்கொள்ளாது. ஒரு இன்ட்டை, அதாவது சாதாரண முழு எண்ணை, வேறு டைப்புக்குத் தானாக மாற்றிக்கொள்ளத் தெரியாதா என்று எரிச்சல் வரும். தெரியும், ஆனால் அந்த வேலை அப்புறம்தான். மேக்ஸ் ஒரு டெம்ப்ளேட், அதாவது பல டைப்புகளுக்கும் பொதுவான அச்சு. அதில் இரண்டு பக்கமும் ஒரே டைப், அதற்கு டி என்று பெயர். முதலில் அந்த டி என்ன டைப் என்று கம்பைலர் கண்டுபிடிக்க வேண்டும். 0 ‘இன்ட்’ என்கிறது, சைஸோ 64 பிட் லினக்ஸில் ‘அன்சைன்டு லாங்’ (மைனஸ் இல்லாத முழு எண்) என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் அந்த டெம்ப்ளேட் ஆட்டத்திலேயே சேராது. எரர் மெசேஜ் எவ்வளவு நீண்டாலும் ‘கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள், போதும்.

டைப்பை நாமே சொல்லிவிட்டால் சரி: மேக்ஸுக்கு அடுத்துக் கோண அடைப்புக்குள் இன்ட் என்று எழுதுங்கள். ஊகிக்க எதுவும் இல்லாததால் டைப் மாற்றம் வழக்கம்போல் நடக்கும். பலருக்கு அங்கே சைஸ்_டி (சைஸுக்கான, மைனஸ் இல்லாத டைப்) போடத்தான் கை போகும். 0 இருக்கும்வரை பிரச்சினை இல்லை. அந்த இடத்தில் -1 வந்தால் அது 18446744073709551615 ஆகிவிடும். மேக்ஸும் அதையே பெரியது என்று திருப்பித் தரும், ஒரு எரரும் இல்லாமல்.

சி பிளஸ் பிளஸ் 20இல், சைஸை மைனஸும் ஏற்கும் டைப்பில் தரும் எஸ்சைஸ் வந்திருக்கிறது. மைனஸ் தொல்லை அதில் இல்லை. ஆனால் 64 பிட் லினக்ஸில் அது தருவதும் இன்ட் அல்ல, அதனால் வெறும் 0 அங்கேயும் முட்டும்.