சந்தேகம் தீரட்டும், அப்புறம் எழுதலாம் என்று காத்திருப்பவர்களுக்கு

எழுத ஆசைப்படுகிறவர்களிடம் ஏன் எழுதவில்லை என்று கேட்டால் முதலில் வரும் பதில் "நேரமே இல்லை". கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உள்ளே கிடப்பது வெளியே வந்துவிடும்: "நான் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்?" இப்படித் தோன்றுவதில் தவறே இல்லை. இந்தத் தோன்றல் போன பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருப்பதுதான் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

ராமகாதையைச் சொல்ல வந்த கம்பர், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டுப் போன பூனையோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். அவையடக்கம் ஒரு மரபு, எல்லாப் புலவர்களும் பாடுவதுதானே என்று கேட்கலாம். சரி, மரபாகவே இருக்கட்டும். எவ்வளவு நல்ல மரபு! சந்தேகத்துக்கு முகப்பில் சில பாட்டுகள் ஒதுக்கிவிட்டு, வேலைக்குப் போய்விடுகிறார்கள். அதன் பிறகு கம்பர் பாடியது பத்தாயிரத்துக்கும் மேல்.

ஜான் ஸ்டைன்பெக் 1938-இல் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலை எழுதிய மாதங்களில் கூடவே ஒரு நாட்குறிப்பும் எழுதிவந்தார். தான் எழுத்தாளனே இல்லை, தன்னையும் ஊரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்ற புலம்பல் அதில் உண்டு. அன்றைக்கு வேலை எப்படி நடந்தது என்ற குறிப்பும் அதே நோட்டில் உண்டு. நாவல் 1939-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. புலம்பலுக்குத் தனி நோட்டு என்பது நல்ல ஏற்பாடு. கதைத்தாளில் புலம்பல் வந்து உட்காராது.

அடுத்து, முதல் வரியிலேயே குடியிருப்பது. "மழை பெய்துகொண்டிருந்தது" என்று எழுதுவோம். எல்லோரும் எழுதுவதுதானே என்று அழிப்போம். "வானம் கிழிந்து கொட்டியது" என்போம். அதைப் பார்த்து நமக்கே கூச்சமாக இருக்கும், அதையும் அழிப்போம். ஒரு மணி நேரம் கழித்துத் திரையில் வெறும் கர்சர். சேக்கிழாருக்குத் தில்லை நடராசர் 'உலகெலாம்' என்று அடியெடுத்துக் கொடுத்ததாகக் கதை உண்டு. நமக்கு அந்த வசதி இல்லாததால், தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதுதான் வழி. கதையில் உங்களுக்குப் பளிச்சென்று தெரியும் காட்சி எது? அண்ணனும் தம்பியும் பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் இடமா? அதை முதலில் எழுதுங்கள். மழை பெய்ததா, வெயிலடித்ததா என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பாதிக்கதைகளுக்கு மழையே தேவைப்படாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு பயம் இருக்கிறது, பிழை பயம். இங்கே 'ப்' வருமா? ஒருநாள் 'முயற்ச்சி' என்று எழுதி யாராவது பிடித்துவிட்டால்? ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இந்தப் பயம் இரண்டு மடங்கு. இதை மறைக்க அவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள்: மேடைத் தமிழுக்குத் தாவுகிறார்கள். வீட்டில் "அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல" என்று சொல்கிறவர், தாளில் "தந்தையார் இரு தினங்களாக உணவருந்துவதைத் தவிர்த்து வந்தார்" என்று எழுதுகிறார். அந்த வாக்கியத்தில் அப்பாவும் இல்லை, பசியும் இல்லை. எழுதியவருக்கே அது ஒட்டாததால் மூன்றாவது பத்தியில் கை நின்றுவிடும். "எனக்கு எழுத வராது" என்று முடிவும் கட்டிவிடுவார். "அப்பா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்று எழுதியிருந்தால் நாலாவது பத்தி வந்திருக்கும். ஒற்றுப்பிழைகளை முழுதும் எழுதி முடித்த பிறகு ஒரே மூச்சில் பார்க்கலாம். இல்லை, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தால் அரை நாளில் திருத்திவிடுவார். திருத்துவதற்கு ஏதாவது எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் முக்கியமாக நினைப்பது இனிமேல் வருவது. கை நின்றாலே அதை மனத்தடை என்று பெயரிட்டு, மனசைச் சரிசெய்யக் கிளம்புவது பெரிய தவறு. பல நேரம் பிரச்சினை மனசில் இருப்பதில்லை, விஷயம் தெரியாததில் இருக்கிறது. பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையில் வேலை செய்யும் இருவர் பேசிக்கொள்ளும் காட்சி என்று வையுங்கள். ஒருவன் தன் கடனைப் பற்றி மெல்லிய குரலில் சொல்கிறான். எத்தனை முறை எழுதினாலும் பொய்யாகவே இருக்கிறது. எழுதுகிறவர் தன்னம்பிக்கை வீடியோ பார்க்கப் போகிறார். ஒருமுறை பட்டறைக்குள் போய் நின்றிருந்தால் காரணம் தெரிந்திருக்கும். விசைத்தறி ஓடும்போது அங்கே மெல்லிய குரல் எடுபடாது. பக்கத்தில் இருப்பவனிடமே கத்தித்தான் பேச வேண்டும். கடனைக் கத்திச் சொல்ல முடியுமா? அப்படியென்றால் நூல் அறுந்து தறி நிற்க வேண்டும், முடிச்சுப் போடும் அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்ல வேண்டும், தறி மறுபடி ஓடத் தொடங்கினால் பேச்சு பாதியில் நிற்க வேண்டும். காட்சி தானாக நகர்கிறது. ஆகவே கை நின்றால் முதலில், இந்த இடத்தில் எனக்கு என்ன தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரியை எழுத முடிந்தால் விசாரித்துவரக் கிளம்பலாம்.

தூக்கமும் பசியும் சேர்ந்து கெட்டு, வாரக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது வேறு. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும், எழுத்துப் பயிற்சி உதவாது.

எழுதும் முன்பே கதையை நாலு பேரிடம் சொல்லித் தீர்ப்பதும் உண்டு. டீக்கடையில் "அருமை" வாங்கியாயிற்று, அப்புறம் எழுத என்ன அவசரம்? பாதி எழுதியதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது இதைவிட மோசம். சித்தப்பா கைகூப்பும் படம் போடுவார், மற்றவர்கள் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள், நமக்கு அன்றிரவு தூக்கம் போகும். முடித்த பிறகு ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும். "எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது?" என்று கேட்டால் வேலைக்கு ஆகும் பதில் கிடைக்கும்.

கெடு இல்லாமல் எழுதுவதும் சந்தேகத்துக்குத் தீனி. 'பொன்னியின் செல்வன்' 1950-இல் தொடங்கி மூன்றரை ஆண்டுக்கு மேல் வாராவாரம் வந்த தொடர். இந்த வாரம் மனசு சரியில்லை என்று கல்கி காத்திருந்தால் பத்திரிகை காத்திருக்காது. நமக்கு ஆசிரியர் யாரும் இல்லை என்பதால் ஒரு நண்பரிடம் சொல்லிவைக்கலாம்: ஞாயிறு இரவுக்குள் இரண்டு பக்கம் அனுப்புவேன், நீ படிக்கக்கூட வேண்டாம், வந்ததா என்று மட்டும் கேள்.

கடைசியாக, பத்திரிகைக்கு அனுப்பிவிட்டுப் பதில் வராததைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது. பல இதழ்களில் ஒருவரோ இருவரோதான் எல்லாப் படைப்புகளையும் பார்க்கிறார்கள், மறுப்புக் கடிதம் எழுத அவர்களுக்கு நேரம் இருக்காது. அனுப்பிய தேதியைக் குறித்துவையுங்கள். மூன்று மாதம் போனால் ஒரு மின்னஞ்சலில் விசாரியுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு வேறு இதழுக்கு அனுப்புங்கள்.