வயலுக்குள் ஒரு குழாய்: நெல்லுக்கு எப்போது தண்ணீர் பாய்ச்சுவது?

தாமிரபரணியில் பிரியும் பாளையங்கால்வாயின் கடைமடையில் எங்களுக்குக் கொஞ்சம் வயல், ஓரத்தில் ஒரு கிணறு. பாபநாசம் அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் 1-ல் கார் பருவ நெல்லுக்குத் திறப்பது வழக்கம். இப்போது தென்மேற்குப் பருவமழையை நம்பி நாள் குறிக்க முடிவதில்லை. திறந்தாலும் எங்கள் மடைக்கு வந்து சேரும்போது கணுக்கால் நனைந்தால் பெரிது. இதே தாமிரபரணிதான் 2023 டிசம்பர் 17, 18-ல் வரப்பு எது வாய்க்கால் எது என்று தெரியாமல் அடித்துவிட்டுப் போனது. அந்த வெள்ளத்துக்கு என்னிடம் வழி இல்லை. காய்கிற காருக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது: ஒரு முழத்துக்கும் குறைவான பிவிசி குழாய்.

பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை இது. நம் வேளாண் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கிறது. பெயர் நமக்குப் பழகியதுதான், காய்ச்சலும் பாய்ச்சலும். மேல்மண் காய்ந்தாலும், 15 செ.மீ. ஆழத்துக்குள் தண்ணீர் நிற்கும்வரை நெல்லின் வேர் எடுத்துக்கொள்ளும். அந்த ஆழத்தை மேலேயிருந்து பார்க்க முடியாது, அதற்குத்தான் குழாய். நாற்றங்கால், நடவு எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் தாண்டிப் போய்விடுகிறேன். ஒன்று மட்டும், வயல் சமமாக இருக்க வேண்டும். மேடும் பள்ளமுமாக இருந்தால் குழாய் ஒன்று சொல்லும், வயல் ஒன்று சொல்லும்.

ஆறு அங்குலக் குழாயில் 35 செ.மீ. நீளம் வெட்டிக்கொள்ளுங்கள். நாலு அங்குலமும் போதும் என்பார்கள், நான் ஆறுதான் சொல்வேன், காரணம் கீழே வரும். புதிதாக வாங்காதீர்கள், போர் போட்ட வீட்டில் துண்டு கிடக்கும். கீழ்ப்பகுதி 20 செ.மீ.க்கு மட்டும் சுற்றிலும் 5 மி.மீ. டிரில் பிட்டால் இரண்டு செ.மீ.க்கு ஒன்றாகத் துளை போடுங்கள். கம்பியைச் சூடாக்கிக் குத்தினால் ஓரம் உருகித் துளை பாதி மூடிக்கொள்ளும், டிரில்தான் நல்லது. துளைப் பகுதியைச் சுற்றிப் பழைய நைலான் கொசுவலையை ஒரு சுற்று சுற்றிக் கட்டிவிடுங்கள்.

நட்டுப் பத்து, பதினைந்து நாள் வரைக்கும் எப்போதும்போல் இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர் நிற்கட்டும், இல்லையென்றால் களை ஏறிவிடும். களை அதிகமுள்ள வயலானால் இன்னும் ஒரு வாரம் பொறுத்து, கோனோவீடர் (களையை அமுக்கும் உருளைக் கருவி) ஓட்டிவிட்டே தொடங்குங்கள்.

அப்புறம் குழாயைப் புதைக்கலாம். வரப்பிலிருந்து மூன்று நாலு அடி உள்ளே, மடை வாயிலை விட்டுத் தள்ளி, மேடும் இல்லாத பள்ளமும் இல்லாத இடம். துளையுள்ள 20 செ.மீ. மண்ணுக்குள், மீதி 15 வெளியே. அடியில் உழவினால் இறுகிய கெட்டி மண் தட்டினால் அதை உடைத்துக்கொண்டு போகாதீர்கள், அந்த அளவோடு நிறுத்துங்கள்.

இனி சொல்வதுதான் என்னைக் கவிழ்த்த இடம். குழாயை இறக்கியதும் உள்ளேயும் மண் ஏறி நிற்கும். அதை அடிவரை அள்ளி எடுக்க வேண்டும். நான் முதல் வருஷம் கால்வாசி மண்ணை எடுத்துவிட்டுப் போதும் என்று வந்துவிட்டேன். கொசுவலையும் அப்போது கட்டவில்லை. களிமண் துளைகளை அப்பிக்கொண்டது. பாய்ச்சியபோது உள்ளே போன தண்ணீர் குடத்துத் தண்ணீர் மாதிரி அங்கேயே நின்றது. நான் தினமும் காலையில் எட்டிப் பார்த்து, தண்ணீர் இருக்கிறது என்று நோட்டில் எழுதிவைத்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அப்பா வரப்பில் நின்று கூப்பிட்டார். வெடிப்பில் விரல் நுழைந்தது.

“ஏல, குழாய்க்குள்ள தண்ணி கெடக்கு, வயலு வெடிச்சுக் கெடக்கு. நெல்லு குழாய்க்குள்ளயா நட்டிருக்கு?”

ஆறு அங்குலம் சொன்னது இதற்காகத்தான். நாலு அங்குலத்தில் என் கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது, அடி மண்ணை வழிக்க முடியவில்லை.

எடுத்தபின் ஒரு சோதனை. வயலில் தண்ணீர் நிற்கும்போதே குழாய்க்குள் இருப்பதை ஒரு டம்ளரால் மொண்டு வெளியே ஊற்றுங்கள். வெற்றிலை போட்டு மென்று முடிப்பதற்குள் உள்ளே தண்ணீர் ஏறத் தொடங்க வேண்டும். களிமண்ணில் கொஞ்சம் தாமதமாகும். அரை மணி கழித்தும் வெளி மட்டத்துக்கு வரவில்லையென்றால் குழாயைப் பிடுங்கிக் கழுவி மறுபடி வையுங்கள்.

அளப்பதற்குச் செ.மீ. குறித்த ஒரு குச்சி போதும். குழாயின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளக்க வேண்டும். 30 வந்தால் தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15-க்கு இறங்கிவிட்டது, பாய்ச்சலாம். 10 வந்தால் மண்ணுக்கு மேல் 5 நிற்கிறது, மோட்டாரை நிறுத்திவிடலாம். இந்த இரண்டு எண்தான். ஒரு வாரத்தில் சேறு படிந்து மண்மட்டம் இறங்கும், அதனால் வெளியே தெரிவது 15-தானா என்று மறுபடி பாருங்கள். யூரியா போடுவதாக இருந்தால் பாய்ச்சுவதற்கு முன் காய்ந்த மண்ணில் போடுங்கள்.

பூக்கும் சமயத்தில் இந்த விளையாட்டு கூடாது. பூப்பதற்கு ஒரு வாரம் முன்னிருந்து ஒரு வாரம் பின்வரை வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், வாடினால் பதராகிவிடும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 மாதிரி 110, 115 நாள் ரகமென்றால், அறுப்புக்கு ஒரு மாதம் முன்னால் பூக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் ஓடும். போன காரில் ஐந்து ஆறு நாளுக்கு ஒருமுறைதான். கரண்ட் இலவசம்தானே, என்ன மிச்சம் என்று கேட்காதீர்கள். கிணற்றில் தண்ணீர் மிச்சம், மும்முனை கரண்டுக்காக ராத்திரி விழித்திருப்பது மிச்சம்.

சென்சார் பற்றியும் கேட்பீர்கள். குழாயின் வாயில் அல்ட்ராசோனிக் சென்சார் மாட்டிப் போனில் பார்க்கலாம் என்று நானும் இறங்கினேன். ஒலி குழாயின் சுவரில் பட்டுத் திரும்பித் தப்புக் கணக்கு காட்டியது, காலையில் பனி படிந்தது, மூன்றாம் நாள் சிலந்தி வலை. ஒரு பூ, அதாவது ஒரு சாகுபடி, முழுக்கக் குச்சியால் அளந்து பழகுங்கள், அப்புறம் அதற்குச் செலவு செய்யலாம்.

பின்சேர்க்கை: ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருந்தார், “எங்களுக்கு முறைத் தண்ணீர், குழாய் 30 காட்டும்வரை காத்திருந்தால் முறை போய்விடுமே?” சரிதான். வாய்க்கால் முறையை மட்டும் நம்பியவர்கள் முறை வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். 10 காட்டியதும் மடையை அடைத்தால் அடுத்த வயலுக்காவது போகும். களர் நிலத்திலும் மணல் கலந்த நிலத்திலும் இதைச் செய்யாதீர்கள். பிசானத்தில், அதாவது வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய பருவத்தில், மழை ஓயும்வரை குழாய்க்கு வேலையே இல்லை.

இன்னொருவருக்கு இரண்டே நாளில் 30 வந்துவிடுகிறதாம். வரப்பைப் பாருங்கள், நண்டு வளை இருக்கும். எங்கள் குழாய்க்குள்ளேயே ஒரு நண்டு குடியிருந்தது. அன்றிலிருந்து பழைய சட்டி மூடியால் மூடி வைக்கிறோம். நாலு அங்குலம் வைத்த நண்பருக்குச் சிரட்டை அளவெடுத்த மாதிரி பொருந்துகிறதாம், அந்த ஒரு விஷயத்தில் அவர் ஜெயித்தார்.

கார்பன் பணம் வருமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தண்ணீர் தேங்கி மண்ணுக்குக் காற்று போகாதபோதுதான் மீத்தேன் உண்டாகிறது. நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும் வாயு அது. இப்படி விட்டு விட்டுக் காயவிட்டால் ஏறக்குறையப் பாதி குறையும். அதற்குப் பணம் தரும் திட்டங்கள் உண்டு. என் கைக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை. தேதியும் அளவும் எழுதிய நோட்டை மட்டும் தூக்கிப் போடாதீர்கள்.

அறுப்புக்குப் பத்து நாள் முன்னால் தண்ணீரை நிறுத்தும்போதே குழாயைப் பிடுங்கிவிடுங்கள். மறந்துபோகும் ஆளென்றால் பக்கத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். எங்கள் இரண்டாவது குழாய் அறுவடை மிஷினின் செயினுக்கு அடியில் போனது, டிரைவர் இறங்கி வந்து, வயலில் எதற்கு அண்ணாச்சி கக்கூஸ் பைப் என்று கேட்டார்.