குளிருக்கு எந்தக் கூரை? வாங்குமுன் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். தை, மாசியில் துகள் பனி விழும் இரவில் தகரத்துக்குக் கீழே படுத்தவர்களுக்குக் குளிரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீடு திருத்தப் போனால், கொழும்பு வெயிலுக்கான யோசனையே நமக்கும் கிடைக்கிறது. நமக்கு வேண்டியது சூட்டை உள்ளே பிடித்து வைக்கிற கூரை.

மீன் வருகிற ரெஜிபோம் (வெள்ளைத் தெர்மோகோல்) பெட்டி, ஒரே அளவில் இரண்டு எடுத்துக் கழுவிக் காய வையுங்கள். அடியையும் பக்கங்களையும் பழைய கம்பளியால் ஒரே மாதிரி சுற்றுங்கள். சூடு மேல்வழியாக மட்டும் போகட்டும். மூடிக்குப் பதிலாக ஒன்றுக்கு வெறும் தகரம், மற்றதற்குத் தகரமும் அதன் அடியில் ஓர் அங்குல ரெஜிபோமும்.

இரண்டிலும் ஒரே மாதிரி அகலச் சட்டி, ஒரே அளவு சுடுநீர், 60 பாகை. சட்டியை மூடுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 42 பாகையோடு நின்றுவிடும். வயர் வைத்த டிஜிட்டல் ஒன்று வேண்டும். வயரை நீருக்குள் விட்டு, பெட்டியின் விளிம்பு முழுக்க டேப் ஒட்டுங்கள். இதில் சோம்பல் வேண்டாம், காற்று புகுந்தால் சோதனையே வீண்.

இரவில், காற்றடிக்காத இடத்தில், கால் மணிக்கு ஒருமுறை குறித்து வாருங்கள். வெளியே 16 பாகை என்றால் வித்தியாசம் 44. அது பாதியாக, அதாவது நீர் 38 பாகைக்கு வர எவ்வளவு நேரம்? அதிக நேரம் எடுப்பதே நல்ல கூரை. மறுநாள் மூடிகளைப் பெட்டி மாற்றி வைத்துத் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் அதே கூரை ஜெயித்தால்தான் நம்பலாம்.

அப்புறம் சட்டியைத் திறந்து வைத்தும் ஒரு இரவு பாருங்கள். குளிர்ந்த வெறும் தகரத்தின் அடியில் ஆவி பட்டுச் சொட்டும். விடியற்காலையில் பாயை நனைக்கிற அதே சொட்டுத்தான். கூரை ஒழுகுகிறது என்று நினைத்துத் தார் பூசுகிற வீடுகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது.

செங்கல்லை மூடியாக வைத்துச் சோதித்தால் முதல் அரைமணிக் கணக்கை விட்டுவிடுங்கள், கல் முதலில் தானே சூட்டைக் குடிக்கும். ஓர் அங்குல ரெஜிபோம் தடுக்கிற அளவு சூட்டைத் தடுக்க, நாலு அங்குலச் செங்கல் சுவர் ஏறத்தாழ ஐந்து வேண்டும்.

ஆனால் ரெஜிபோம் லேசில் தீப்பிடிக்கும். அடுப்படிக்கு மேலே அதை வைக்கவே வேண்டாம்.