வீட்டோடு பிஸ்டல் பழகுவதும் அதில் நடக்கும் தவறுகளும்

சேலத்துக்காரர்களில் பலர் முதன்முதலில் கையில் எடுத்த துப்பாக்கி ஆடித் திருவிழாவின் பலூன் கடையில் இருந்ததுதான். பலகையில் முழங்கையை ஊன்றுவது, ஒரு கண்ணை இறுக மூடுவது, பலூனையே முறைப்பது, விசையை வெடுக்கென்று இழுப்பது என்று அங்கே படிந்த பழக்கம் ஒன்றுகூட பிஸ்டலுக்கு உதவாது. ஆனாலும் அதெல்லாம் திருத்திவிடக்கூடிய தவறுகள். குறி பார்க்கும் இடத்துக்கு வருவதற்கு முன்பே, வாங்கும்போதும் வீட்டில் வைக்கும்போதும் நடப்பவைதான் பெரிய தவறுகள். அதனால் அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்ஸில் பிஸ்டல் சுடுதலில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதிலிருந்து, பிள்ளையைத் துப்பாக்கிப் பயிற்சியில் சேர்த்துவிட வந்து தாங்களும் பழக ஆரம்பித்த அப்பா அம்மாக்களைப் பார்க்க முடிகிறது. நல்ல விஷயம். கூடவே அமெரிக்க வீடியோக்களும் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. அங்கே தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது ஒரு குடும்பப் பொழுதுபோக்கு. சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து சுத்தம் செய்து, புது பிரைமர் (கூட்டின் அடியில் தீ மூட்டும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு என்று ஒவ்வொன்றாகப் பொருத்துவார்கள். அப்பா தோட்டா நிரப்பும் மிஷினின் கைப்பிடியை அழுத்த, மகள் எண்ணி அடுக்க, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இந்த மிஷினை நம்ம லேத் பட்டறையிலேயே கடைந்துவிடலாமே" என்று சேலத்தில் ஒருவர் நினைப்பது ஆச்சரியமில்லை. அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் தோட்டாவின் உதிரிப் பாகங்களையும், தோட்டா தயாரிக்கும் எந்திரத்தையும் தோட்டா என்ற வரையறைக்குள்ளேயே சேர்த்திருக்கிறது. அதாவது மருந்து ஒரு துளி இல்லாவிட்டாலும், அந்த மிஷின் வீட்டில் இருப்பதே வம்பு. வீடியோக்களில் எல்லோரும் வைத்திருக்கும் 9 எம்எம் பிஸ்டல் இங்கே சாதாரணக் குடிமகனுக்கு உரிமம் தராத வகை என்பது அடுத்த சங்கதி.

சட்டத்தை விடுங்கள், பழகினவர்களுக்கே அது ஆபத்தான கைவேலை. .38 ஸ்பெஷல் போன்ற பழைய ரிவால்வர் தோட்டாக் கூடு பெரியது, அதற்குத் தேவையான மருந்தோ கொஞ்சம். பேச்சுக் கவனத்தில் இரண்டு முறை போட்டுவிட்டாலும் வழியாது, வெளியிலும் தெரியாது. மருந்தே விழாத தோட்டா இன்னொரு விதத்தில் கெடுதல். பிரைமர் மட்டும் வெடித்து, குண்டு குழலுக்குள் பாதியில் நின்றுவிடும். சத்தம் குறைவாக வந்ததே என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளந்துபோகலாம். ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சித் திடலில், .22 என்ற சின்னத் தோட்டா சுடப் போகிறவர்களும் இதை நினைவில் வைக்கலாம். சத்தம் வித்தியாசமாக இருந்தால் நிறுத்து, பயிற்சியாளரைக் கூப்பிடு, அவ்வளவுதான்.

அப்புறம், ரேஞ்சில் கிடக்கும் தோட்டாவையோ காலிக் கூட்டையோ ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம். பல மாதம் கழித்து அதே பையோடு காமலாபுரம் விமான நிலையத்தில் ஸ்கேன் மிஷின் முன்னால் நிற்கும்போது, உள்பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் விமானத்தை விட்டுவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையின் பள்ளிப்பையை ரேஞ்சுக்கு எடுத்துப் போகவே வேண்டாம்.

ஆக, குடும்பமாகப் பழக நமக்குத் தோதானது தோட்டாவுக்குப் பதில் காற்றழுத்தத்தால் சுடும் பத்து மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றல் என்றால் ஆயுத உரிமம் வேண்டாம், அடையாளச் சான்று கொடுத்து முறையான கடையில் வாங்கலாம். உரிமம் வேண்டாம் என்பதை 'விளையாட்டுச் சாமான்' என்று புரிந்துகொள்கிறார்களே, அங்கேதான் அடுத்த வரிசைத் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

மொட்டை மாடி. வீட்டில் பத்து மீட்டர் நீளம் வேறெங்கும் கிடைக்காது என்பதால் ஃபேர்லாண்ட்ஸிலிருந்து கொண்டலாம்பட்டி வரை எல்லோர் கண்ணும் போவது அங்கேதான். தவறிய குண்டு நூறு மீட்டரைத் தாண்டியும் போகும். பக்கத்து மாடியில் ஒரு அம்மா வடகம் காயப்போட்டுக்கொண்டிருப்பார். கைப்பிடிச் சுவரை நம்பிச் சுடுவதும் தவறு, ஏனென்றால் சுவர், கடப்பாக்கல், தகரம் எல்லாமே குண்டைத் திருப்பி அனுப்பும். பிபி எனப்படும் இரும்பு உருண்டைக் குண்டு அதில் இன்னும் மோசம், வேகம் அதிகம் குறையாமலே திரும்பும். குறித்தாளுக்குப் பின்னால் கீழ்நோக்கிச் சாய்த்த கனமான இரும்புத் தகடோடு குண்டு பிடிக்கும் பெட்டி வேண்டும். அதற்கும் பின்னால் ஆள் நடமாட்டமே இல்லாத கெட்டிச் சுவர் வேண்டும். சுடுபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாலிகார்பனேட் கண்ணாடி வேண்டும். பழைய தறிக்கூடமோ காலியாகக் கிடக்கும் குடோனோ சொந்தத்தில் இருந்தால் மாடியை மறந்துவிடுங்கள். சுடும்போது குறுக்கே கதவு இருந்தால் அதை உள்பக்கம் தாழிட வேண்டும். "யாரும் வர மாட்டாங்க" என்று சொல்லும் வீட்டில்தான் பேரன் பந்து எடுக்க ஓடி வருவான்.

இனி ஈயம். என் கணக்கில் குடும்பங்கள் ரொம்ப அலட்சியமாக விடுவது இதுதான். ஏர் பிஸ்டலில் போடும் குண்டான பெல்லட் என்பது ஈயம். விரலில் கறுப்பாக ஒட்டும், அந்த விரலோடு முறுக்கு எடுப்பார்கள். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படியான அளவே கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும், அது மூளை வளர்ச்சியைத் தொடும். கர்ப்பிணிகள் கிட்டவே வர வேண்டாம். சாப்பாட்டு மேசையில் பெல்லட் டப்பாவைத் திறப்பது, கை ஓயாமல் இருக்க நாலு பெல்லட்டை வாயில் வைத்துக்கொள்வது, சுட்டு முடித்த இடத்தைத் தென்னந்துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்புவது எல்லாமே தவறு. ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவின பிறகுதான் தண்ணீர் பாட்டிலைக்கூடத் தொட வேண்டும். அந்தச் சட்டையோடு கைக்குழந்தையைத் தூக்கக் கூடாது. நசுங்கிய பெல்லட்டுகளைக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, ஈயம் எடுக்கும் பழைய பேட்டரிக் கடையில் கொடுத்துவிடலாம். தோட்டா நிரப்புவோருக்கும் இதே தலைவலி உண்டு. பிரைமரில் ஈயச் சேர்மம் இருப்பதால் பழைய கூடுகளைத் தேய்க்கும்போது எழும் தூசியே விஷம்.

காற்று நிரப்பும் சிலிண்டர் விஷயத்தில் சேலத்துக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. பந்தய ஏர் பிஸ்டலின் சிலிண்டர் சுமார் 200 பார் அழுத்தத்தில் சுத்தமான உலர்ந்த காற்றைக் கேட்கும். ஊரில் வெல்டிங் பட்டறைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆக்சிஜன் கொடுக்கும் கடைகள் நிறைய. "காற்றுதானே, இதையே அடித்துக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் தானாகவே தீப்பிடிக்கும், வெடிக்கும். சைக்கிள் கடைக் கம்ப்ரசரும் ஆகாது, அதில் அவ்வளவு அழுத்தமும் வராது, வருவதும் ஈரக்காற்று. மே மாத வெயிலில் நிறைந்த சிலிண்டரைக் காரில் பூட்டிவிட்டு ஜவுளிக்கடைக்குள் போய் உட்காரக் கூடாது. பெரும்பாலான கம்பெனிகள் சிலிண்டருக்குப் பத்து ஆண்டுதான் ஆயுள் கொடுக்கின்றன. தேதியை உடம்பிலேயே அடித்திருப்பார்கள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் கைப்பிடி மரத்தின் அழகை எல்லாம் பார்ப்பார்கள், அந்தத் தேதியைப் பார்க்க மாட்டார்கள்.

ஸ்பிரிங் ஏர் கன் வைத்திருப்போர் செய்யும் தவறு வேறு. பெல்லட் இல்லாமல் சுட்டுப் பார்ப்பார்கள். முன்னால் தடுக்க பெல்லட் இல்லையென்றால் பிஸ்டன் நேராகப் போய் முட்டும், சீலும் ஸ்பிரிங்கும் கெடும். பந்தயப் பிஸ்டல்களில் காலியாகச் சுட்டுப் பழகவே தனி அமைப்பு உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. எண்ணெய் போடுகிறேன் என்று தையல் மிஷின் எண்ணெயை அழுத்த அறைக்குள் விடுவார்கள். டீசல் எஞ்சினில் நடப்பதே அங்கும் நடந்து டமால் என்று சத்தம் வரும், 'பவர் ஏறிடுச்சு' என்று சந்தோஷமும் படுவார்கள். கெடுவது துப்பாக்கி.

சரி, இனி சுடுவது.

குறித்தாளில் பத்து என்ற வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். கறுப்பு வட்டம் முழுதும் 59.5. கண் ஒரு சமயத்தில் ஒரே தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். பழகாதவர் தாளைத் தெளிவாகப் பார்ப்பார், பிஸ்டலின் மேல் முன்னும் பின்னும் குறி பார்க்க இருக்கும் சைட் மங்கலாகிவிடும். வேண்டியது தலைகீழ். முன் சைட்டின் மேல் விளிம்பு பளிச்சென்று இருக்க வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாக இருந்தால் போதும். தாளில் குறி ஒரு சென்டிமீட்டர் விலகினால் குண்டும் ஒரு சென்டிமீட்டர்தான் விலகும். முன் சைட்டும் பின் சைட்டும் ஒன்றுக்கொன்று சாய்ந்தாலோ, அந்தச் சாய்வு பத்து மீட்டர் தூரத்தில் பல மடங்காகும். இதனால்தான் கறுப்பின் நட்டநடுவில் குறி வைக்காமல், அதற்குக் கீழே வெள்ளைப் பகுதியில் வைக்கச் சொல்கிறார்கள். கறுப்பு மேல் கறுப்பு வைத்தால் சைட்டின் விளிம்பு தெரியாது.

கை ஆடும். எல்லோருக்கும் ஆடும். சைட் நடுவைக் கடக்கும் அந்த நொடியைப் பிடித்து 'இப்போ' என்று விசையை இழுப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். வலக்கைக்காரரின் தாளில் ஓட்டைகள் இடப்பக்கம் கீழே குவிந்திருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆட்டத்தை ஒப்புக்கொண்டு, ஆட்டத்தின் ஊடேயே விரலை மட்டும் சீராகப் பின்னால் கொண்டுவர வேண்டும். விசையின் எடை குறைந்தது 500 கிராம் என்பது பந்தய விதி. அதை வீட்டில் குறைத்து 'லேசாக்கி' வைப்பது பந்தயத்துக்கும் ஆகாது, பாதுகாப்புக்கும் ஆகாது. கை நிலைத்து ஐந்தாறு விநாடிக்குள் சுடவில்லை என்றால் இறக்கிவிட வேண்டும். இறக்குவது தோல்வி இல்லை. 60 குண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் கொடுக்கிறார்கள், அவசரமே கிடையாது.

ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஐந்து சுட்டு, குவியல் எங்கே விழுகிறது என்று பார்த்து, அப்புறம் திருகலாம். குவியலே இல்லாதவர் எதைத் திருகுவது? பெல்லட்டைத் தராசில் நிறுத்துப் பிரிப்பதும் இந்த ரகம்தான். தலை தட்டையான பெல்லட் நல்ல டப்பாவாக ஒன்று வாங்கி, விளிம்பு நசுங்கினதை ஒதுக்கினால் ஆரம்பத்துக்குப் போதும்.

பாரீஸில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பைக்குள் விட்டபடி சாதாரணக் கண்ணாடியோடு வெள்ளி வாங்கிய படம் எல்லோர் போனிலும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு 'சும்மா நின்று சுட்டால் போதும்' என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அது அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். பைக்குள் கை ஸ்டைலுக்காக இல்லை, சும்மா இருக்கும் கை தொங்கி ஆடினால் தோளும் ஆடும் என்பதற்காக எல்லாச் சுடுநர்களும் அதைப் பையிலோ பெல்ட்டிலோ செருகிக்கொள்வார்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தாரே, அதைக் காப்பியடிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு கிலோ அளவு எடையுள்ள பெரியவர்களின் பிஸ்டலைக் கொடுத்து, கைப்பிடிக்குள் துணி சுற்றிச் சமாளிப்பது தவறு. மணிக்கட்டில் பிடிக்கும் வலி நாளடைவில் விளையாட்டையே வெறுக்க வைக்கும். சின்னக் கைப்பிடி தனியாகக் கிடைக்கிறது. அதுவரை மேசையில் தாங்கி வைத்துச் சுடட்டும், விசையைப் பழக அதுவே நல்ல வழி. குறித்தாளை எடுத்ததும் "எத்தனை?" என்று கேட்கும் அப்பாக்கள் கொஞ்சம் பொறுக்கலாம். எங்கே போகும் என்று சுடும்போதே தெரிந்ததா என்று கேளுங்கள். பிள்ளை "இடப்பக்கம் போச்சுப்பா, விரல் இழுத்துடுச்சு" என்று தாளைப் பார்க்காமலே சொன்னால் பாதிப் பாடம் முடிந்தது.

பிஸ்டலோடு ரீல்ஸ் போடுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஏர் பிஸ்டல் என்று படத்தில் யாருக்கும் தெரியாது, போலீஸ் வந்து கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும், பெல்லட் வேறொரு பெட்டியில், சாவி பெரியவரிடம், வாங்கிய பில்லின் நகல் பெட்டியோடு.

கடைசியாக ஏற்காடு. விடுமுறைக்கு எஸ்டேட் வீட்டுக்குப் போகிறவர்கள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறியபின் பெட்டியைத் திறப்பார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குண்டு மாறிப் போகிறது என்பது வெறும் சாக்கு. பத்து மீட்டரில் அந்த வித்தியாசம் கண்ணில் படாது. மூடுபனியின் ஈரம்தான் நிஜமான தொந்தரவு, குழலில் துரு ஏறும், மரக் கைப்பிடி உப்பும். இரவு பெட்டியை மூடுவதற்கு முன் துடைத்து வைக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் அந்தக் குளிரில் அது உறைந்து இண்டு இடுக்கில் அடைத்துக்கொள்ளும். காப்பிச் செடிக்குள் சத்தம் கேட்டது, கொய்யாவைக் கொத்துகிறது, மயில் வந்துவிட்டது என்று ஏர் கன்னை வெளியே திருப்புவது எந்தச் சாக்கிலும் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது. மற்ற பறவைகளிலும் பெரும்பாலானவை பாதுகாக்கப்பட்டவைதான். எஸ்டேட் எல்லையை ஒட்டியே காப்புக்காடு ஓடுகிறது. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தேடி வனத்துறையும் போலீசும் அலையும் மலை அது. சத்தம் கேட்டு வருகிறவர்களுக்கு உங்கள் கையில் இருப்பது பந்தயப் பிஸ்டல் என்று தூரத்திலிருந்து தெரியப்போவதில்லை.