"இத்தனை வருஷமா இன்னும் சரிசெய்யலையா?" என்று எழுதும் முன்

மஞ்சக்குப்பம் கோர்ட்டுப் பக்கம் டைப்பிங் கடை வைத்திருக்கும் தம்பி ஒருநாள் போனில் கொதித்தான். "ண்ணா, எழுத்தை 14-க்கு மாத்தினா இங்கிலீஷ் மட்டும்தான் பெருசாகுது. இத்தனை வருஷமா இதைக்கூட சரிசெய்யல பாரு!"

போய்ப் பார்த்தேன். லிப்ரே ஆபீஸ் என்கிற இலவச ஆபீஸ் மென்பொருளில், பத்திரம் அடிக்கும் ரைட்டரில் பத்தியின் ஸ்டைலைத் திறந்து, 'வெஸ்டர்ன்' பகுதியில் மட்டும் அளவை மாற்றியிருந்தான். தமிழ் அங்கே குடியிருக்கவில்லை. இந்தி, அரபியோடு 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்கிற தனி வீட்டில் இருக்கிறது. அங்கே 14 போட்டதும் சரியாகிவிட்டது. அந்தப் பகுதியே கண்ணில் படாவிட்டால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியே மொழி அமைப்புக்குப் போய் டிக் செய்ய வேண்டும்.

கண்ணில் பட்டதையெல்லாம் பக், அதாவது மென்பொருளின் குறை, என்பதுதான் முதல் தவறு. பாமினி என்கிற தமிழ் ஃபாண்டில் அடித்த பழைய பத்திரம் வேறு கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் திறப்பதும் இதே கதைதான். அது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு இல்லை. அந்த ஃபாண்ட் இல்லாத இடத்தில் தமிழும் இல்லை. சந்தேகம் வந்தால் லிப்ரே ஆபீஸை அதன் ஹெல்ப் மெனுவில் இருக்கும் சேஃப் மோடில், அதாவது உங்கள் செட்டிங் இல்லாமல், ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் ஒழுங்காக வேலை செய்தால் கோளாறு உங்கள் செட்டிங்கிலோ கூடுதலாகச் சேர்த்த எக்ஸ்டென்ஷனிலோ இருக்கலாம்.

நிஜமாகவே வருஷக்கணக்கில் கிடக்கும் குறைகளும் உண்டு, மறுக்கவில்லை. லிப்ரே ஆபீஸ் பிரிந்து வந்த தாய் மென்பொருள் ஓப்பன் ஆபீஸ். அதன் 3.0 வந்த 2008-இல் விரிதாளில் 1024 நெடுவரிசை. லிப்ரே ஆபீஸில் அது 16,384 ஆனது 2022-இல், 7.4 பதிப்பில்தான். எண்ணை மாற்ற 14 வருஷமா என்று கேட்கத் தோன்றும். அந்த எண்ணை நம்பி எழுதிய நிரல் உள்ளே எங்கெங்கோ பரவிக்கிடந்தது. நினைவகமும் வேகமும் அடிபடாமல் அதை அவிழ்க்க வேண்டியிருந்தது. இதை 'சோம்பேறித்தனம்' என்று எழுதுவது இரண்டாவது தவறு. "ஓசியில் கிடைக்குது, வாயை மூடு" என்கிற பதிலும் எனக்குப் பிடிக்காது. ஆனால் லிப்ரே ஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் கஸ்டமர் கேர் வைத்திருக்கும் கம்பெனி இல்லை, லாப நோக்கமற்ற அமைப்பு. நிரல் எழுதுபவர்களில் தன்னார்வலர்கள் உண்டு. கட்டணச் சேவை தரும் நிறுவனங்களின் ஆட்களும் உண்டு. பணம் கட்டிய வாடிக்கையாளரின் வேலை முன்னால் நகர்வது இயல்பு.

"எனக்கும் இதே பிரச்சினை", "இன்னுமா?" என்று குறைகளைப் பதியும் தளமான பக்ஸில்லாவில் எழுதுவதால் ஒரே ஒரு பலன்: அந்தப் பக்கைத் தொடர்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு மெயில் போகும். புதிய பதிப்பை நிறுவிப் பார்த்து, எந்தப் பதிப்பு, எந்த விண்டோஸ், எத்தனையாவது கிளிக்கில் கெடுகிறது என்று எழுதுங்கள். ஒரு அறிக்கையில் ஒரு குறை போதும். ஐந்தைச் சேர்த்துக் கட்டினால் ஐந்தும் தேங்கும்.

நான் செய்த தப்பு வேறு. மேற்கொண்டு விவரம் கேட்டு 'நீட்இன்ஃபோ' என்று ஒரு அறிக்கையைத் திருப்பிவிட்டிருந்தார்கள். மெயிலை நான் பார்க்கவே இல்லை. ஆறு மாதம் கழித்து நினைவூட்டல் வந்தது, அதையும் விட்டேன். போதிய தகவல் இல்லை என்று மூடிவிட்டார்கள். குற்றம் என் இன்பாக்ஸில்.

தம்பியிடம் நான் சத்தம் போட்டது ஒரே விஷயத்துக்குத்தான். அட்டவணை உடைகிறது என்று காட்ட, கட்சிக்காரரின் கிரயப் பத்திரத்தை அப்படியே பக்ஸில்லாவில் இணைக்கப் போனான். அங்கே ஏற்றும் கோப்பை உலகமே பார்க்கலாம். பெயர், சர்வே எண், ஆதார் எல்லாம் அதில் இருந்தது. உட்கார்ந்து வெட்டினோம். ஒரு பத்தியை நீக்குவது, அட்டவணை இன்னும் உடைகிறதா என்று பார்ப்பது, அடுத்ததை நீக்குவது. நாற்பது நிமிஷத்தில் பதினோரு பக்கம் அரைப் பக்கமானது. மிச்சம் நின்றது ஒரே அட்டவணை, மூன்று வரி: விற்பவர் 'அ', வாங்குபவர் 'ஆ', எல்லை வடக்கே 'இ'.