திருகோணமலையில இருந்து சிப்பி, பவளம், கடலட்டை வெளிநாட்டுக்குக் கொண்டு போறதுக்கு முதல் பாக்க வேண்டியது

லீவுக்கு வந்துட்டு கனடா, லண்டன் எண்டு திரும்பிப் போற ஆக்கள் பேக் கட்டக்குள்ள கேக்கிற கேள்வி, நிலாவெளிக் கரையில பொறுக்கின பவளத்துண்டைக் கொண்டு போகலாமா எண்டு. வேணாம், வச்சிட்டுப் போங்க. செத்ததுதானே, கரை ஒதுங்கினதுதானே எண்டு கஸ்டம்ஸ்ல சொன்னா எடுபடாது, ஏனெண்டா சைட்டிஸ், அதாவது அருகி வாற உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டு போறதைக் கட்டுப்படுத்திற சர்வதேச ஒப்பந்தம், உயிரோட இருக்கிறதை மட்டும் பாக்கிறதில்ல, ஓடு, தோல், காஞ்ச துண்டு, அதுல செஞ்ச மோதிரம் எல்லாத்தையும் பாக்கும். 1975ல நடைமுறைக்கு வந்தது, இலங்கை 1979ல சேந்திருக்கு. புறாமலையில எடுத்ததெண்டா கதையே வேற, அது தேசியப் பூங்கா, அங்க இருந்து சிப்பி கூட எடுக்கக் கூடாது.

முதல் வேலை அது என்ன இனம் எண்டு சரியாப் பிடிக்கிறது. கடைக்காரர் சொல்ற பேர் காணாது, விஞ்ஞானப் பேர் வேணும். அதை ஸ்பீசீஸ் பிளஸ் வெப்சைட்ல அடிச்சா சைட்டிஸ்ல எந்தப் பின்னிணைப்பில (கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கம் எண்டு பிரிச்ச பட்டியல்) இருக்கு எண்டு காட்டும், காசு கட்டத் தேவையில்ல.

முதலாம் பின்னிணைப்பில இருந்தா, காட்டில கடல்ல பிடிச்சதை விக்கிற வாங்கிற கதைக்கே இடமில்ல. கடலாமை எல்லா இனமும், எங்கட யானையும், 2019ல இருந்து நட்சத்திர ஆமையும் இதுலதான். அழுங்காமை ஓட்டில செஞ்ச சீப்பு, யானைமுடி மோதிரம், அம்மம்மா குடுத்த தந்தப் பெட்டி, பரம்பரைச் சாமானெண்டாலும் பேப்பர் இல்லாம ஏத்தாதீங்க.

இரண்டாம் பின்னிணைப்பு எண்டா வியாபாரம் செய்யலாம், ஆனா ஏற்றுமதி பெர்மிட் வேணும். கல்பவளம், கறுப்புப் பவளம், கடற்குதிரை, ராட்சதச் சிப்பி, வாசனைக்கு எடுக்கிற வல்லப்பட்டை மரம் எல்லாம் இங்க வரும். இதுலயும் கல்பவளம் மாதிரி சிலது உள்ளூர்ச் சட்டத்திலயே பாதுகாக்கப்பட்டது, அதுக்குப் பெர்மிட் கிடைக்கும் எண்டு நம்பி இருக்காதீங்க. சங்கு சைட்டிஸ் பட்டியல்ல இல்ல, ஆனா மீன்பிடிச் சட்டத்தில அதுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கு.

கடலட்டை ஏத்துற ஆக்கள் கவனமா வாசிங்க. டீட்ஃபிஷ் எண்டு சொல்ற மூண்டு இனம் 2020 ஆகஸ்ட்ல இருந்து இரண்டாம் பின்னிணைப்பில நடைமுறைக்கு வந்திட்டு. அவிச்சுக் காயவச்சாப் பிறகு எது எந்த இனம் எண்டு கண்ணால பிரிக்கிறது பெரிய பாடு, கலந்து கட்டின ஒரு சாக்கால முழு லோட்டும் நிண்டு போகலாம், அதால வாடியிலயே பச்சையா இருக்கக்குள்ள தரம் பிரிச்சு தனித்தனியா லேபல் போடுங்க.

பெர்மிட் குடுக்கிறது பத்தரமுல்லையில இருக்கிற வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். சாமான் போறதுக்கு முதலே எடுக்கணும், போய்ச் சேந்தாப் பிறகு எடுத்துக் காட்டலாம் எண்டு நினைக்கக் கூடாது. ஒறிஜினல் கையில இருக்கணும், போட்டோக்கொப்பி செல்லாது. ஏற்றுமதி பெர்மிட்டுக்கு ஆகக்கூடினது ஆறு மாசம்தான் காலம், கப்பல் பிந்தினா அதையும் கணக்குப் பாருங்க. முதலாம் பின்னிணைப்புச் சாமானை ஆராய்ச்சி மாதிரி ஏதும் தேவைக்கு அனுப்புறதெண்டா போற நாட்டில இறக்குமதி பெர்மிட்டும் முதலே எடுக்கணும்.

நாலு கடற்குதிரை வரைக்கும் சொந்தப் பாவனைக்குக் கொண்டு போகலாம் எண்டு யாராவது சொல்லுவாங்க. அப்பிடி ஒரு சலுகை சைட்டிஸ்ல இருக்குத்தான், ஆனா எந்த நாடும் அதை விட இறுக்கமா சட்டம் போடலாம், அதால இங்கத்தச் சட்டம், இறங்கிற நாட்டுச் சட்டம் ரெண்டையும் பாத்திட்டு பேக்கை மூடுங்க.